சார்ள்ஸ்ரன், பின் சீற்றிலிருந்து

மார்ச் 7, வெள்ளி
ஸ்காபரோவில் இன்னும் பனி. விடிய அமெரிக்காவின் தெற்குக் கரைக்கு, சார்ள்ஸ்ரன் பயணம், காரில். இவருக்கு ஒரு கிழமை லோட் இல்லை. அந்தத் துறைமுகத்துக்கு வருடக்கணக்காக லொறி ஓட்டுகிற மனிதர். கண்டது கொண்டெய்னர் யார்ட்டும் கேற்றும் மட்டும்தானாம். "ஊரையும் ஒருக்காப் பாப்பமே."

கட்டியவை: றைஸ் குக்கர், அரிசி, பருப்பு, சம்பல், காய்ச்சல் மருந்து, தேர்மோமீற்றர், வாந்திப் பை, மகள் ஆதிக்கு இரட்டிப்பு உடுப்பு. கறிவேப்பிலையை எடுத்து, எல்லையில் பிடிப்பார்கள் என்று திரும்ப ஃபிறிட்ஜில்.

ஆதிக்கு நாலு வயது. அப்பா கிழமை முழுக்க ரோட்டில், வந்தால் நித்திரை. அவள் அவருடன் நேரே பேசுவதே இல்லை. எல்லாம் என் வழியாக. இந்த ஒரு கிழமையிலாவது மாறவேண்டும். மாறாவிட்டால்?

மார்ச் 8, சனி
எல்லையில் நீண்ட வரிசை. நான் பின்னால், ஆதிக்குப் பக்கத்தில். அதிகாரி கண்ணாடியை இறக்கச் சொல்லி அவளிடமே கேட்டார்: கார் ஓட்டுகிறவர் யார்? அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திரும்பக் கேட்டார்.

"அம்மா, உவரிட்டச் சொல்லுங்கோ, நான் ஸ்லீப்பிங் எண்டு."

ஓரமாக நிறுத்தி, பிள்ளை எங்களுடையதுதானா என்று பாஸ்போட், பிறப்புப் பத்திரம் எல்லாம் பார்த்துவிட்டு விட்டார்கள். அவர்கள் வேலை அது. இவர் ரேடியோவைப் போட்டு உடனே நிறுத்தினார். பிறகு, "என்னை ஆரெண்டு தெரியாதாமோ," என்று சிரிக்கப் பார்த்தார்.

மார்ச் 10, திங்கள்
ஜாக்கெற் தேவையில்லாத வெயில்! நகருக்குள் பஸ் இலவசம். வர்ண வர்ண வீடுகள். கடலோரப் பூங்காவில் பழைய பீரங்கிகள், அவற்றின் பக்கத்தில் எங்கள் சோறும் பருப்பும். மர வாங்கில் இருந்த ஒரு கிழவர் மணம் பிடித்து, என்ன சமையல் என்று கேட்டார். இவர் ஒரு கரண்டி சம்பல் கொடுத்தார். கிழவருக்குக் கண்ணால் தண்ணீர். ஆதிக்கு ஒரே சிரிப்பு.

"அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ, இன்னும் குடுக்கச் சொல்லி."

"எனக்குக் காது கேக்கும், செல்லம்."

அவள் என்னையே பார்த்தாள்.

நீரூற்றில் பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். நான் அவள் கையை விடவில்லை. வழுக்கும், சளி பிடிக்கும்.

"நீர் கொஞ்சம் கையை எடும். விழுந்தா நான் பிடிப்பன்தானே," என்றார் இவர்.

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்.

மார்ச் 11, செவ்வாய்
கால்நடையாகப் பழைய தெருக்கள். வழிகாட்டிப் பெண் வேறொரு கூட்டத்துக்குச் சொன்னதை ஒட்டுக்கேட்டோம். அடிமைகள் அறுத்த செங்கற்கள். ஈரக்கல்லைக் காயப் புரட்டி வைத்தது அவர்களின் பிள்ளைகள். அந்த விரல் அடையாளம் மதிலில் இன்னும். குட்டி விரல்கள். ஆதிக்கு எட்டவில்லை, எனக்கு முதுகுவலி. இவர் தூக்கினார். தன் விரலை அந்தக் குழிக்குள் வைத்தாள். பொருந்தியது.

"இந்தப் பேபியின்ர அப்பா எங்க?"

யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. இறங்கமாட்டேன் என்று தெரு முடியும்வரை அவர் தோளிலேயே. வெறுங்கையோடு நடக்க ஒருமாதிரி இருந்தது. தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நான்.

பின்னேரம் இருவரும் தனியே நீரூற்றுக்கு. நான் மோட்டலில் உடுப்புத் தோய்த்தேன், வாசலை எட்டிப் பார்த்தேன், திரும்பத் தோய்த்தேன். தெப்பமாக நனைந்து வந்தாள். இதுவரை தும்மல் இல்லை. ஆனாலும் கேள்வி என் வழியாகத்தான்: "அம்மா, அப்பாட்டக் கேளுங்கோ, நாளைக்கும் போறமோ எண்டு."

மார்ச் 14, வெள்ளி
திரும்பும் வழி. முன் சீற்றில் நான். எல்லை வரிசையில் இவர் தலை சீவினார், கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"நான் ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள், செல்லம்?"

அவள் ஜன்னலில் விரலால் கோடு போட்டாள். கனடாப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. என்ன வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

"கேக்கேல்லையே," என்றார் இவர். முகம் வாடிவிட்டது.

"கேக்காட்டி நல்லதுதானே," என்றேன்.

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம். பின்னாலிருந்து:

"அப்பா."

நான் திரும்பவில்லை. பெல்ற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, நிப்பாட்டுங்கோ. மூத்திரம் வருது."

"ஓம், ஓம், ஓம்." இத்தனை காலம் லொறி ஓட்டிய மனிதர், சிக்னலே போடாமல் அடுத்த எக்சிற்றில் காரை இறக்கினார். மாற்றுடுப்பு எல்லாம் டிக்கியின் அடியில், றைஸ் குக்கருக்குக் கீழே.