உன்னைக் கொல்லாத வண்டி

என் ஒரே தங்கையைக் கட்டிக்கொண்ட கையோடு, மேகமலையை மோட்டார் சைக்கிளில் ஒரே தாவாகத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவனே, என் ஆசை மாப்பிள்ளை செல்லப்பாண்டி!

அங்கன சௌக்கியமா? பெட்ரோலில் ஆயிலைச் சரியான அளவில் கலந்து தருகிறார்களா? தேவலோகத்துக்காரர்களுக்கு டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? வெறும் பெட்ரோலை ஊற்றிவிடப் போகிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

நான் சௌக்கியமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். என் கோபத்தின் சூட்டில்தான் இந்த வருஷம் வைகை அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. மழை பெய்யவில்லை என்று ஆண்டிபட்டிக்காரர்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோபம் யார் மேல்? உன் அண்ணன் மேல், ஊர் மேல், கொஞ்சம் உன் மேலும்தான். நீ போன நாளிலிருந்து உன் ரேஸ் வண்டிக்குக் கம்பத்திலிருந்து தேனி வரை ஒரே பெயர்: காவு வாங்கின வண்டி. ஓட்டியவனைப் பலி வாங்கிவிட்டதாம். ஒரு தடவை ரத்தம் பார்த்த வண்டி மறுபடியும் கேட்குமாம். அதை ஓட்டக் கூடாது, தொடக் கூடாது, காயலான் கடைக்குக்கூடப் போடக் கூடாதாம்.

மாப்பிள்ளை, நீ அந்த வண்டியில் சாகவில்லை. இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் தங்கச்சி பாக்கியத்துக்குத் தெரியும், உன் அண்ணனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பிறகு எப்படிச் செத்தாய் என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். பொறுங்கள், வருகிறேன். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தானே இத்தனை அநியாயமும் நடந்தது.

உன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வண்டியைத் தன் திராட்சைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய், புளிய மரத்தோடு சேர்த்து இரும்புச் சங்கிலியால் கட்டி, ஒரு முழ ஆணியை மரத்தில் அறைந்தார். யானையைக்கூட இப்படிக் கட்ட மாட்டார்கள். உன் மகள் தாமரை போன வருஷம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். டேங்கெல்லாம் துரு. டயரில் கறையான். சீட்டுக்குள் ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்திருந்தது. ஆளையே விழுங்கும் பூதம் அந்தக் குஞ்சுகளில் ஒன்றைக்கூட ஏன் விட்டுவைத்தது? இதற்கு இந்த ஊரில் எவனாவது பதில் சொன்னானா?

தாமரை இப்போது தேனியில் பேங்க் உத்தியோகம் பார்க்கிறாள். மூக்கு உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையது. ஆண்டிபட்டிப் பக்கம் பொட்டல் காட்டில் மண் ரேஸ் வைக்கிறார்கள். பழைய வண்டிகளுக்குத் தனிப் பிரிவு. “மாமா, எனக்கு வேற வண்டி வேணாம். அப்பா வண்டியிலதான் ஓடணும்” என்றாள். “இன்னொரு உசிர அதுக்குக் குடுக்க மாட்டேன்” என்று உன் அண்ணன் குதித்தார். அவர் தோட்டத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் அவளும் சங்கிலியை அறுத்து வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றினோம். இதைத் திருட்டு என்று சிலர் சொல்கிறார்கள். நான் சிறை மீட்பு என்கிறேன்.

மீட்டு என்ன பயன்? ஒரு மெக்கானிக்கும் தொடவில்லை. கடைசியாகத் தேனியில் ஞானதுரையிடம் போனோம். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன், அவராவது பயப்பட மாட்டார் என்று நம்பினேன்.

“அண்ணே, உங்களுக்காக நான் உசிரக்கூடக் குடுப்பேன்” என்றார். “ஆனா இந்த வண்டி நெசமாவே எடுத்துக்கிருமேன்னுதான் பயமா இருக்கு.”

“ஏலே, இது இரும்புய்யா! இதுக்கு வாயா இருக்கு, வயிறா இருக்கு?”

“அப்ப செல்லப்பாண்டி அண்ணன் எப்பிடிப் போனாக? சொல்லுங்க.”

நான் வாயைத் திறந்தேன். சாவு வீட்டிலேயே இதைச் சொல்லப் போன என்னை உன் பங்காளிகள் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் வாழைத் தோப்பில் உட்காரவைத்தார்களே, அந்த ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். அப்போது எங்களோடு வந்து பின்னால் நின்ற பாக்கியம் முன்னே வந்தாள்.

“தம்பி, எங்க வீட்டுக்காரக வண்டியில விழுந்து போகல. குளிக்கப் போனாக. சோப்பு கீழ கெடந்துச்சு. மிதிச்சு வழுக்கிட்டாக. பின்மண்டையில அடி. அம்புட்டுத்தேன்.”

“சோப்பா, அக்கா?” என்றார் ஞானதுரை.

“சோப்புத்தேன். எப்பேர்ப்பட்ட ரேஸ்காரன், சோப்பு வழுக்கிச் செத்தான்னு சொன்னா ஊரே சிரிக்கும்னு இவுக அண்ணன்தான் வண்டின்னு சொல்லிட்டாக. நானும் அழுத அழுகையில சும்மா இருந்துட்டேன். இப்ப என் மக ஆசப்படுதா.”

ஞானதுரை சிரிக்கப் போய் அடக்கி, அழப் போய் அதையும் அடக்கி, கடைசியில் தும்மினார். பிறகு, “வண்டிய உள்ள தள்ளுங்க” என்றார்.

அப்புறம் நடந்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். பிஸ்டன் ஜாம். டீசலை ஊற்றி ஊற வைத்து, கெஞ்சி, திட்டி, நானே பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டும் பாடிய பிறகுதான் இறங்கி வந்தது. லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து போர் போட்டோம். அந்த அளவுக்கு ஏற்ற பிஸ்டனுக்காகக் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளைத் தாமரை சல்லடை போட்டுச் சலித்தாள். டேங்கின் துருவை எப்படி எடுத்தோம் தெரியுமா? உன் வண்டியைக் கட்டிப்போட்டிருந்த அதே மரத்துப் புளியைக் கரைத்து ஊற்றி, சரளைக்கல்லையும் போட்டுக் குலுக்கினோம். அந்த மரம் செய்த பாவத்துக்குப் பரிகாரம்.

முதல் உதையில் அது கிளம்பவில்லை. ஆயிரமாவது உதையில் கிளம்பியது. ஊதிய புகையில் தேனி பஸ் நிலையமே மறைந்து, கம்பம் போக வேண்டியவர்கள் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பாக்கியம் மட்டும் அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, முந்தானையால் மூக்கை மூடாமல், கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு என்ன ஞாபகம் வந்தது, மாப்பிள்ளை? நான் கேட்கவில்லை.

சங்கதி தெரிந்து உன் அண்ணன் பட்டறைக்கே வந்துவிட்டார். “எந்தம்பி மானத்த நடுரோட்டுல ஏலம் விட்டுட்டீகளே! வீரனாப் போகட்டும்னுதானடா நான் அப்பிடிச் சொன்னேன்?” என்று கத்தினார். கத்தும்போதே குரல் உடைந்தது. எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. தாமரை ஒன்றே ஒன்று சொன்னாள்.

“பெரியப்பா, அப்பா வண்டியில இருந்து விழுந்து செத்தாருன்னா, அவருக்கு ஓட்டத் தெரியலன்னுதான அர்த்தம்?”

அவர் அதை யோசித்ததே இல்லை. நானும்தான் யோசித்ததில்லை. உன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரேஸ் அன்று ஆண்டிபட்டிப் பொட்டலில் கூட்டம். மைக் பிடித்தவன் என்னைவிடப் பெரிய புளுகன். “பந்தயக் களத்திலே வீர மரணம் அடைந்த செல்லப்பாண்டி அவர்களின் அருமை மகள்” என்று ஆரம்பித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து ஓடினேன். எனக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருத்தர் ஓடினார். உன் அண்ணன்.

“தம்பி, அதக் குடு” என்று மைக்கைப் பிடுங்கினார். “எந்தம்பி வண்டியில இருந்து ஒருநாளும் விழுந்ததில்ல. குளியல் ரூம்புல சோப்ப மிதிச்சு வழுக்கிச் செத்தான். வண்டி மேல பழியப் போட்டது நாந்தேன். அது ஒரு பாவமும் அறியாது.”

கூட்டம் சிரித்தது. ஆமாம் மாப்பிள்ளை, மறைக்க மாட்டேன், நன்றாகவே சிரித்தது. அவர் நின்று அந்தச் சிரிப்பை முழுசாக வாங்கிக்கொண்டார். பிறகு எங்கிருந்தோ ஒரு விசில், அதன் பின்னால் நூறு விசில். அவர் இறங்கிப் போய், மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து, “ஆத்தா, நசுக்கிட்டுப் போ” என்றார். தாமரை நசுக்கிக்கொண்டு போனாள். அவள் கிளப்பிய புழுதி இன்னும் கேரளாவில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஏழாவது வந்தாள். எத்தனை பேர் ஓடினார்கள் என்று கேட்காதே. ஆனால் விழவில்லை.

உன் மேல் இருந்த கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். மேகமலையையே தாண்டியவனுக்கு ஒரு சோப்புக்கட்டியைத் தாண்டத் தெரியவில்லையா? கீழே பார்த்து நடந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நான் பொய்களின் சக்கரவர்த்தி, உனக்குத் தெரியும். ஆனால் என் பொய் எந்த வண்டியையும் சங்கிலியில் கட்டியதில்லை. அதனால் சத்தியம் செய்து தருகிறேன். நீ எப்படி வாழ்ந்தாய் என்று கேட்பவர்களிடம் வாய் வலிக்கும் வரை புளுகுவேன். எப்படிச் செத்தாய் என்று கேட்டால் உண்மையை மட்டுமே சொல்வேன். உன் வீட்டுக் குளியலறையில் வழுவழுப்புத் தளத்தைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்புக் கல் பதித்தாகிவிட்டது. நின்று வேலை வாங்கியது உன் அண்ணன்.

இப்படிக்கு,
உன் பாக்கியத்துக்கு அண்ணன், உன் தாமரைக்குத் தாய்மாமன், உன் வண்டியைச் சிறை மீட்ட மாவீரன்,
இன்னும் உன் மேல் கோபம் ஆறாத
உன் மச்சான்.