பிஸ்கட் டின்னில் இருந்த தாலி

பவானி,

அம்மா மதிய ஷிப்டுக்குச் செங் தொழிற்பேட்டைக்குப் போகிறேன். ரசமும் பொரித்த மீனும் மூடி வைத்திருக்கிறேன். சாவி துளசித் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

தொழிற்சாலையில் நகை போடக்கூடாது என்பதால், போகும்போது தாலிக்கொடியைக் கழற்றி அந்தப் பழைய பிஸ்கட் டின்னில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைப்பேன். அது தெரியாமல் நேற்று நான் வேலையில் இருந்தபோது அப்பா டின்னைக் குப்பையில் போட்டுவிட்டார். நான் நள்ளிரவில் வந்து அப்படியே படுத்துவிட்டேன். இன்று காலை குப்பை லோரி போன பிறகுதான் சொன்னார். தாலி அதில்தான் இருக்கிறது என்று அலறினேன்.

"அத பவானி எடுத்துக்கிட்டாளே. குப்பை பொறுக்கிறியான்னு ஏசிட்டேன். 'டின்னு நல்லாத்தானப்பா இருக்கு, பென்சில் போட்டுக்கிறேன்லா'ன்னா" என்றார்.

உன் மேசைக்கு ஓடித் திறந்து பார்த்தேன். நூலுக்கு அடியில் தாலி அப்படியே இருந்தது. முருகா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திருநீறு மடித்த தாளை நாம் குப்பையில் போடுவதில்லை. இன்னும் உதவக்கூடிய எதையும் அப்படித்தான் நினைக்கவேண்டும் என்று உன்னால்தான் எனக்குத் தோன்றியது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே, கண்ணு.

பி.கு: நூலை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். டின் இனி உனக்குத்தான்.

இன்னொன்று. வேலைக்குப் போகுமுன் அப்பா வெகுநேரம் உட்கார்ந்து டின்னின் துருவைத் தேய்த்தார். உன்னை ஏசியதற்கு வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். சாயங்காலம் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது, "டின்னு அழகா இருக்குப்பா" என்று மட்டும் சொல்.