சிங்காரத்தின் சிறப்பு விருந்தாளி

ஊரையே வம்புக்கு இழுத்த என் அன்பு அந்தோணி அண்ணனுக்கு,

சின்ன வயதில் நாம் வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பொம்மை நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். அப்போது போலவே வாரம் ஒரு பிரபலம் வந்து பொம்மைகளோடு பேசிப் பாடிவிட்டுப் போகிறார். நேற்று பார்த்தவுடன் உனக்குச் சொல்லக் கை தானாகப் போனைத் தேடியது. பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. உட்கார்ந்து அழுதேன்.

தோட்டத்து லயன் வீடுகளின் பிள்ளைகள் எல்லாருமே அதைப் பார்த்தோம். நீதான் அப்பாவின் பந்து விளையாடும் காலுறையைத் திருடி, சட்டைப் பொத்தான்களைக் கண்ணாகத் தைத்து, சிங்காரம் என்று பெயரும் வைத்தாய். நம் தோட்டத்துக்கு எந்தப் பாடகர் வரப்போகிறார்? நம் பிரபலங்களே வேறு. கிள்ளான் பஸ் கண்டக்டர், பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் கொண்டுவருகிறவர், செகிஞ்சான் அரிசி லோரி ஓட்டும் ஆ செங். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மாலையும் வேட்டித் திரைக்குப் பின்னால் நீ. முன்னால் நாற்காலியில் அந்த வருடத்துச் சிறப்பு விருந்தாளி.

சிங்காரம் திட்டி முடிக்கும்வரை விருந்தாளி வாயைத் திறக்கக்கூடாது. அது நீ போட்ட சட்டம். அந்தத் திட்டை வாங்க எவ்வளவு போட்டி! தோட்டத்தையே அதட்டி வேலை வாங்கிய மண்டோர்கூட, "இந்த வருசமாச்சும் என்னைக் கூப்பிடச் சொல்லுலா" என்று அப்பாவிடம் கெஞ்சினார்.

தோட்டத்தை விட்டுக் கோலா சிலாங்கூருக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. உனக்குக் கல்யாணம் ஆனதும் சிங்காரத்தின் வாய் இன்னும் நீண்டது. எல்லாரும் கல்யாணத்துக்குப் பிறகு அடங்குவார்கள், இவன் என்ன இப்படி என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். லூர்து அண்ணியும் உன்னோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பொம்மைக்குத் தொப்பி மாட்டிவிட என்று நினைத்துக்கொண்டோம். அண்ணி சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசி யார் கேட்டோம்?

நீ போன பிறகு அந்த இரண்டு வார்த்தையும் நின்றுபோனது. சமைப்பார், மாதா கோயிலுக்குப் போவார், வருவார். போன கிறிஸ்துமஸுக்குச் சிங்காரம் வேண்டாம் என்றேன். உன் மகன் ஜோசப் கேட்கவில்லை. "அப்பா ஷோவ நிறுத்திட்டா அம்மா இனிமே சிரிக்கவே மாட்டாங்க, அத்தை" என்றான். கூடப் படித்த வானொலி அறிவிப்பாளரையே விருந்தாளியாக அழைத்தும் வந்துவிட்டான். நிஜப் பிரபலம், அண்ணே! செல்ஃபி எடுக்க அக்கம்பக்கமே வாசலில் நின்றது.

ஜோசப் காலுறைக்குள் கையை விட்டான். சிங்காரம் திரைக்கு மேல் தலையை நீட்டியது. குரல் வரவில்லை. உன் சட்டத்தைக் கேட்டு வைத்திருந்த விருந்தாளியோ வாயை இறுக்க மூடி உட்கார்ந்திருக்கிறார். பேசியே சம்பாதிக்கிற மனிதர்! எழுந்துபோய்த் திரையை அவிழ்த்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. அதற்குள் அண்ணி கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

"ஏன்யா, ரேடியோவுல அந்தக் கத்து கத்துற, இங்க வந்து பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி உக்காந்துருக்க? கேக்குக்குத்தான் வந்தியா, சொல்லுலா!"

குரல் உன்னுடையது இல்லை. ஆனால் நீ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நீ குத்துகிற இடத்தில் குத்தியது. விருந்தாளி நாற்காலியிலிருந்து விழாத குறை. வீடே சிரித்தது. திரைக்குப் பின்னால் அண்ணியும் சிரித்தார்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன்: "எங்க அண்ணி கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிறதா? கல்யாணம் ஆனதுலேருந்து நாந்தானே அவரு காதுல சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு வெளிய பேச வெக்கம். சின்ன வயசுத் திட்டெல்லாம் தீந்துபோயி உங்க அண்ணனுக்குச் சொந்தமா ஒன்னும் வரலலா."

அடப்பாவி அண்ணா! அத்தனை கைதட்டலையும் வாங்கிக்கொண்டு மூச்சு விட்டாயா? அண்ணிதான் சொல்லவேண்டாம் என்றாரா? பேசாதவர் என்று நாங்கள் நினைத்த மனுஷியின் பேச்சுக்குத்தான் இத்தனை வருடமும் சிரித்திருக்கிறோம். ரகசியமாகச் சொல்ல ஒரு காது இல்லாமல்தான் அவர் வாய் மூடிக் கிடந்திருக்கிறது. அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு விருந்தாளி யார் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். "உங்க அண்ணன்தான். போட்டோவ நாற்காலியில வை, ஸ்டெல்லா. ஒரு வார்த்த சொல்லாம போன ஆள நாலு பேரு முன்னால கேக்க வேணாமா?"

சிங்காரத்தின் ஒரு கண் தொங்கிக்கொண்டிருந்தது, தைத்துவிட்டேன். நாற்காலியை நானே துடைத்து முன்னால் போடுவேன், சத்தியம். நீ வந்து உட்கார். சட்டம் நீ போட்டதுதான். அண்ணி திட்டி முடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது.

சிரித்துச் சிரித்தே உன்னிடம் ஏமாந்த
உன் தங்கை ஸ்டெல்லா