ஜிங்க் வாளியில் ஈயம்

மார்ச் 4
இன்று மூன்று மூட்டை வந்தது. டயர் கடைகளில் கழற்றிப் போட்ட வீல் வெயிட்டுகள், சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டும் குட்டி எடைகள். காந்தத்தில் ஒட்டும் இரும்பை எடுப்பது என் வேலை. மிச்சத்தை அப்பா கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்ப்பார். வாய் இறங்கினால் ஈயம், இறங்காவிட்டால் ஜிங்க். ஈயச் சட்டியில் ஜிங்க் கலந்தால் பால் திரிந்த மாதிரி மொத்தமும் போச்சு, மீன்வலைக்குக் கட்டும் குண்டு வார்க்க முடியாது. அதனால் சந்தேகம் வந்தாலே ஜிங்க் வாளிக்கு. அப்பாவின் சட்டம்.

"வீட்டுல மொத டிகிரி, காந்தம் தடவுது பாரு!" என்று சித்தப்பா சிரித்தார். எதிர்த்துப் பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது?

மார்ச் 9
ஜிங்க் வாளி அதற்குள் நிரம்பிவிட்டது. "காலம் மாறிப்போச்சும்மா. இப்ப எல்லா வண்டியிலயும் ஜிங்க்தான்" என்கிறார் அப்பா.

மார்ச் 10
அப்பா குளிக்கப் போனபோது அந்த வாளியிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டினேன். என் கைக்கே சுலபமாக இறங்கியது. இன்னொன்று. அதுவும். பத்தில் ஆறு ஈயம்.

மாறியது வண்டி இல்லை. அப்பாவின் கை—

மார்ச் 11
கல்லூரிப் புத்தகத்தில் தேடினேன். ஈயம் உடம்பில் ஏறினால் மணிக்கட்டு தளரும். வயிற்றுவலி. பசியின்மை. அப்பாவுக்கு மூன்றும் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "நீயே சொல்லுடி. நான் சொன்னா, உனக்கென்ன தெரியும்பாரு."

நானா?

மார்ச் 15
ஒரு வெயிட்டோடு அப்பா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டென்று பிளேயரை என்னிடம் நீட்டினார். "நீ வெட்டிப் பாரு."

அவர் முகத்தில் பயம். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பல்லைக் கடித்தேன், முகத்தைச் சுளித்தேன். கையை மட்டும் அமுக்கவில்லை.

"இறங்கலப்பா. ஜிங்க்தான்."

"அதானே பாத்தேன்!" எவ்வளவு சந்தோஷம். அதே வேகத்தில் சட்டிக்குப் போய்ப் புகையில் நின்றார்.

என்ன காரியம் பண்ணினேன்?

மார்ச் 16
பயமா இருக்கு.

ஏப்ரல் 2
அப்பாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. உருகிய ஈயம் காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சிதறியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 6
"ரத்தத்துல ஈயம் ரொம்ப ஏறியிருக்கு. சட்டிப் பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர்.

அப்பா விடவில்லை. "இப்பல்லாம் ஈயம் எங்க சார் வருது? எல்லாம் ஜிங்க். என் பொண்ணைக் கேளுங்க, அவளே வெட்டிப் பாத்தா. கெமிஸ்ட்ரி படிச்சவ."

அதைப் பெருமையாகச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அப்பா சித்தப்பாவிடம், "நாளைக்கு மூட்டையை இறக்கிடு" என்றார்.

ஏப்ரல் 7
மூட்டை வருவதற்குள் ஜிங்க் வாளியை அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றை எடுத்து வெட்டினேன். இறங்கியது. இன்னொன்று. இறங்கியது.

"அன்னிக்கு நான் அமுக்கவே இல்லப்பா."

நாலாவதில் "போதும்டி" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 19
காலையில் சித்தப்பா வந்து சட்டியை அடுப்போடு பெயர்த்து எடுத்துப் போனார். அப்பா வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சட்டைப் பட்டனோடு போராடினார். என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். அம்மா என்னை முறைத்தாள். ஒரு பட்டன் மாட்டியது. அடுத்தது நழுவி நழுவிப் போனது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முடியலம்மா" என்றார்.

போட்டுவிட்டேன்.