தோணி ஏறிய அக்காவுக்கு

அக்கா,

உன் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. நினைவு அட்டைக்கு முதலில் அடித்து வந்த மாதிரித் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மை வாசம் போகவில்லை. மோந்து பார்த்தால் தலை வலிக்கிறது. படித்துப் பார்த்தால் அதைவிட வலிக்கிறது. ‘தேயிலைத் தூருக்குத் தன்னையே உரமாக்கிய உழைப்பின் திருவுருவே’ என்று தொடங்குகிறது. எழுதியது உன் மகன்தான், நம் மாஸ்டர். தலவாக்கலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவன், பெற்ற தாயை உரமூட்டையாக்கிவிட்டான்.

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அந்த ஏழாம் வகுப்பை என்னைப்போல அழுத்தமாகப் படித்தவன் மலைநாட்டிலேயே கிடையாது. சிவப்புப் பேனாவை வாங்கி அந்த வரியைக் குறுக்கே அடித்தேன்.

“என்ன மாமா இது? ராத்திரி பூரா யோசிச்சு எழுதினேன்.”

“உங்கம்மா தோணியில போய் நட்சத்திரம் பாத்தவன்னு எழுது.”

“அதெல்லாம் யாருக்கு வேணும்? உழைப்ப பத்தி எழுதினாத்தான் மரியாதை.”

“செத்தும் உங்கம்மா கொழுந்து எடுக்கணுமாடா?”

அவன் ஓரடி பின்வாங்கினான். என் பேச்சுக்கு முன்னால் எத்தனையோ தோட்டத் துரைமார்களே பின்வாங்கியிருக்கிறார்கள், உனக்குத் தெரியாததா?

அவன் எங்கே கண்டான்? அந்த மார்ச் மாதம் கற்பிட்டிப் பக்கத்து அன்னம்மாள் கோயிலுக்கு நம் தோட்டத்திலிருந்து பஸ் போனபோது அவனுக்குப் பரீட்சை, வரவில்லை. நாம்தான் போனோம். கடற்கரையில் கூடாரம் அடித்து, சோறு பொங்கி, அந்தி சாயும் நேரத்தில் மணலில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் தள்ளி ஒரு பாய்மரத் தோணியில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று கேட்டதற்கு, கடலில் நின்று நட்சத்திரம் பார்க்க, பிறகு நிலா பார்க்க என்றார்கள். நீ சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாய்.

“நெலா அவங்களுக்கு மட்டுந்தான் காயுதா? வாடா.”

நம் கோயில் மூப்பர், அவர்தான் யாத்திரைக்குத் தலைவர், குறுக்கே வந்து நின்றார். “செபமாலை சொல்ற நேரத்துல பொம்பளைக்கு என்னம்மா தோணி?”

“விடியற்காலத்தின் நட்சத்திரமேன்னு மாதாவ தெனம் கூப்புடுறோமே மூப்பரே. நம்ம லயத்து வீடுகள்ல எப்ப பாத்தாலும் பனிமூட்டம். ஒரு நாளாவது நட்சத்திரம்னா என்னான்னு பாக்க வேணாமா?”

மூப்பர் செபமாலையை மடித்து வைப்பதற்குள்ளேயே நீ பாதி தூரம் போய்விட்டாய். போகிற போக்கில் பையிலிருந்து சவுக்காரக் கட்டியை எடுத்து முழங்கால் வரைக்கும் தேய்த்தாய். மலையில் கொழுந்துக்கு இறங்கும்போது காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கத் தேய்ப்பாயே, அதே கை, அதே வேகம். போதாததற்கு உப்பைத் துணியில் முடிந்து இடுப்பிலும் செருகிக்கொண்டாய். தோணிக்காரர் வயதான மனிதர். உன்னைப் பார்த்துவிட்டுப் பாயைக் கட்டுவதையே மறந்தார்.

“தங்கச்சி, இது என்ன முடிச்சு?”

“உப்புங்க. அட்டைக்கு.”

“கடலுக்கே உப்பு கொண்டுவந்த ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன். இதுல ரத்தம் குடிக்கிற அட்டையே இல்ல.”

“உங்க கடலப்பத்தி எனக்கு என்னாங்க தெரியும்? எங்க மலையில நனைஞ்ச எடமெல்லாம் அட்டதான்.”

அவர் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. நீ பலகையில் கால் வைத்தாய். சவுக்காரக் கால் நிற்குமா? சர்ரென்று வழுக்கிப் போய் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மடியில் உட்கார்ந்தாய். அவள் இங்கிலீஷில் ‘சொறி’ என்று மன்னிப்புக் கேட்டாள். நீயும் ‘சொறி’ என்றாய். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கரையில் நம் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நீ அவர்களைப் பார்த்து, ராணி மாதிரி, கையசைத்தாய்.

கடல் அன்றைக்கு அமைதி என்றார் தோணிக்காரர். அமைதியான அலையே நம் தேயிலை ஃபக்டரி உயரத்துக்கு வந்ததென்றால் கோபமான அலை எப்படி இருக்கும் என்று நீயே சொல். நான் அசரவில்லை. அவர் வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குச் சுக்கானை என் கையில் கொடுத்தார். கற்பிட்டிக் கடல் அதுவரை கண்டிராத நேர்கோட்டில் தோணி போனது.

போயா, அதுதான் பௌர்ணமி, கழிந்த புதிது. நிலா எழும்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. கரை விளக்குகள் சிறுத்துப்போனதும் தோணிக்காரர் தன் டோர்ச்சை அணைத்தார். அண்ணாந்து பார்த்தோம். ஆண்டவரே! கைப்பிடி அரிசியை எறிந்த மாதிரி அல்ல, மூட்டையையே கிழித்துவிட்ட மாதிரி. நீ பலகையில் மல்லாந்து படுத்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்:

“இவ்வளவும் மேலயே இருந்திருக்கு. ஒருத்தனும் சொல்லலியேடா.”

எனக்கு நட்சத்திரமெல்லாம் அத்துப்படி என்பதால் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொன்னேன். வரிசையாய் நின்ற மூன்றைக் காட்டி, “அதுதான் தராசு” என்றேன்.

“தராசா? அங்கயுமா?” எழுந்து உட்கார்ந்துவிட்டாய். “ஏண்டா, அங்கயும் தண்ணிக்குன்னு கிலோ கழிப்பானா?”

நனைந்த கொழுந்து என்று சொல்லி உன் கூடையிலிருந்து எத்தனை வருஷம் கழித்தார்கள்! தோணிக்காரருக்கு விளங்கவில்லை. நான் விளக்கிச் சொன்னதும், சிரிப்பாரென்று பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. “மேல கழிக்க ஆளில்ல தங்கச்சி, நல்லாப் பாருங்க” என்றார்.

அப்புறம் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து நிலா வந்தது. கரையிலிருந்து நம் தோணி வரைக்கும் தண்ணீரில் வெள்ளை ரோட்டுப் போட்டுவிட்டது. நம் தோட்டத்து ரோட்டைவிட நல்ல ரோட்டு, ஒரு குழி கிடையாது. நீ கையை நீட்டி அந்த வெளிச்சத்தை அள்ளினாய். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த உன் விரல்களெல்லாம் வெள்ளி மாதிரி இருந்தன. அதைப் பார்த்த கண் இது, அக்கா. அப்போதுதான் தூரத்தில் சிவனொளிபாதமலை விளக்கும் எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து தெரியாது என்கிறான் உன் மகன், வரைபடத்தை விரித்துக் காட்டுகிறான். ‘நீ போனியா?’ என்று கேட்டேன். ‘இல்ல’ என்றான். அப்புறம் என்ன வரைபடம்?

கரைக்கு வந்ததும் மூப்பர் கேட்டார்: “பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இத சொல்லுவியாம்மா?”

“சொல்றேன் மூப்பரே. சந்தோசமா இருந்தேன் சாமின்னு சொல்றேன்.”

ஊருக்கு வந்து நான் கதை சொல்லும்போதெல்லாம் நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். தோணியைச் சுற்றி நூறு டொல்பின் துள்ளியது என்று நான் சொன்னால் நீ தொண்ணூறு என்பாய். “ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசமா சொல்லணும்டா, அப்பத்தான் நம்புவாங்க” என்று காதில் சொல்வாய். இப்போது நான் மட்டும்தான் சாட்சி. லயத்தில் பலருக்கு அது வசதியாகிவிட்டது. ‘பாவம், கடைசி வரைக்கும் உழைச்சே தேஞ்ச பொம்பள’ என்று உச்சுக்கொட்டுகிறார்கள். உச்சுக்கொட்டினால் வேலை முடிந்தது. நீ சிரித்ததை, கேட்டதை, ஏறிப்போனதை யாரும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அதனால்தான் நான் விடவில்லை. உன் மகனோடு சண்டை, மருமகளோடு சண்டை, அச்சுக்கூடத்துக்காரரோடும் சண்டை. கடைசியில் மகன் இறங்கிவந்தான். “சரி மாமா, தோணி இருக்கட்டும். டொல்பின் வேணாம்.” போகட்டும் என்று டொல்பினை விட்டுக்கொடுத்தேன்.

நேற்று கோயில் வாசலில் அட்டை கொடுத்தோம். ‘பாய்மரத் தோணி ஏறிக் கடலில் நட்சத்திரம் கண்டவர்’ என்று உன் படத்துக்குக் கீழே. உன் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள், பேச்சே இல்லாதவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“அண்ணே, மெய்யாலுமே அக்கா தோணியில போச்சா?”

“நான்தான் கூட்டிட்டுப் போனேன்.” அப்படிச் சொன்னதற்கு நீ கோபிக்கமாட்டாய்.

“அப்ப இந்தத் தடவ பஸ்ஸுல நானும் வாறேன். எனக்கும் அந்தத் தோணியில ஒரு எடம் வேணும்.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக ‘எனக்கும்’, ‘எனக்கும்’ என்றார்கள். மூப்பருக்குக் காது கேட்காது என்று நினைத்தோம், நன்றாகவே கேட்டிருக்கிறது.

“இதுகளுக்கெல்லாம் எங்கேருந்து வந்துச்சு இந்தத் திமிரு?”

உன் படத்தைக் காட்டினேன்.

உன் தோடும் சேலையும் பிள்ளைகளுக்குப் போகட்டும், அக்கா. அந்தத் திமிரை நான் எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பி