காய்ச்சல் வராத பிள்ளை

ஜூன் 11
உடம்பு ஒரு நோயோடு பழகிக்கொள்வதற்கும், அதை எதிர்ப்பதைக் கைவிடுவதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தும் தெரியவில்லை.

நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் சிறுமி இன்று வந்தாள். ஐந்து வயது. எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கும் குழந்தைகளில் அதிக முறை மலேரியா கண்டவள். இப்போதும் ரத்தத்தில் கிருமி இருக்கிறது. உடம்பில் சூடு இல்லை. “எங்கம்மா துணி துவைக்கிறாங்க. நீங்க ரத்தத்தைத் துவைக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

அம்மாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்தான் வேலை. அவள் சொன்னாள்: “முன்னெல்லாம் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போடும். இப்ப இவளைக் கடிச்சா கொசுதான் படுத்துக்குது மேடம். பழகிடுச்சு.”

சிரித்துவைத்தேன்.

ஜூன் 19
வாயாடியின் முடிவுகள் வந்தன. மலேரியாக் கிருமியைக் கண்டால் கொதித்தெழ வேண்டிய செல்கள் அசையவே இல்லை. அடிபட்டு அடிபட்டு அடங்கிவிட்டன. அதனால்தான் காய்ச்சல் இல்லை, ஓடியாடுகிறாள். நல்லதுதான். ஆனால் வேறொரு கிருமி உள்ளே வந்தால் எழுந்திருக்குமா?

குழந்தைகள் வார்டைப் பார்க்கும் சின்ன டாக்டரிடம் கேட்டேன். “நல்லா இருக்கிற பிள்ளையை ஏன் மேடம் படுக்க வைக்கிறீங்க?” என்றார்.

ஜூலை 2
மழை. நுண்ணோக்கியில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. ஐம்பதை நெருங்கிவிட்டேன், கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூலை 6
வாயாடிக்குக் காய்ச்சல். வெளிநோயாளர் பிரிவில் பரிசோதித்தார்களாம். மலேரியா இருக்கிறது என்று வந்ததும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“மலேரியாதானாம் மேடம். நமக்குத் தெரிஞ்சதுதானே.”

அவள் ரத்தத்தை எப்போது சோதித்தாலும் மலேரியா இருக்கிறது என்றுதான் வரும். விளையாடிக்கொண்டிருந்த நாளிலும் அப்படித்தான் வந்தது. அப்படியானால் இந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தது எது? ஒரு கிருமி கண்ணில் பட்டதும் இங்கே எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

“இப்பவே தூக்கிட்டு வாங்க” என்றேன்.

“மாத்திரை இப்பதானே போட்டிருக்கு. காலையில பாக்கலாம் மேடம். தூங்கறா.”

இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

ஜூலை 7
காலையில் தூக்கிவந்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு இரைக்கிறது. நானே ரத்தம் எடுத்தேன், ஊசி போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சின்ன டாக்டர், “மலேரியாதான் முத்திடுச்சு” என்றார். இல்லை, ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருக்கும், ஆன்டிபயாட்டிக்கும் போடுங்கள் என்றேன். “நீங்க லேப்ல இருக்கறவங்க, வார்டு வேற...” என்று ஆரம்பித்தவர், குழந்தையின் கால்களைத் தொட்டதும் நிறுத்தினார். ஜில்லென்றிருந்தன. போட்டார்.

வராந்தாவில் அவள் அம்மா. “பழகிடுச்சுன்னு சொன்னப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே மேடம்.”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும் — அவ்வளவுதானே? வாய் வரவில்லையே அன்றைக்கு.

ரத்தத்தைப் புட்டியில் விட்டு வளர்ப்புக்கு வைத்திருக்கிறேன். பாக்டீரியா இருந்தால் நாளை கலங்கும். பிழைத்துக்கொள்வாள் என்று எழுதத் தோன்றுகிறது. எழுத ஆதாரம் இல்லை.

ஜூலை 8
விடியுமுன் போய்விட்டாள்.

மதியம் புட்டி கலங்கியிருந்தது. நான் சொன்னது சரி. சரியாக இருந்து யாருக்கு என்ன?

பிற்பகல் காய்ச்சலோடு வேறொரு குழந்தை வந்தது. மலேரியா இருந்தது. கொடுத்தனுப்ப நர்ஸ் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். சின்ன டாக்டர், “இருங்க சிஸ்டர், அனுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “மேடம், இதுக்கும் ஒரு புட்டி” என்றார்.

ஊசியைக் கண்டதும் அந்தக் குழந்தை உதைத்து, அலறி, ஊரைக் கூட்டியது. ஒருவரும் அதட்டவில்லை.