மிச்சமான ஐந்து மூட்டை

ஜூன் 4

என் தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; அது பாதிப் பொய். பாப்பா மூன்று நாளாக வாந்தி எடுக்கிறாள். கிணற்றுத் தண்ணீர் நாக்கில் துரு மாதிரி ஒட்டுகிறது. "எல்லாம் சுரங்கத்துக்காரங்க வேலை" என்கிறார் உன் அத்தான். "என் தம்பியே அங்க கிணறு தோண்டி அடைக்கிறான், தண்ணி நல்லாருக்குன்னு அவன் சொல்லிட்டான்" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். தெருவே உன்னை நம்பித்தான் குடிக்கிறது. அவருக்குக் காட்ட ஒரு வரி எழுதிப் போடு. தன் பிறந்தநாளுக்கு வந்து போனவன்தான், மூன்று மாதமாக மாமனைக் காணோம் என்று பாப்பா முறைக்கிறாள்.

உன் அக்கா

ஜூன் 6

அக்கா,

முதலில் குடத்தைக் கவிழ். காய்ச்சியும் குடிக்காதே. பாப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. பிறகு இதைப் படி. இங்கே டவர் கிடையாது; டீசல் லாரிக்காரரை விரட்டி அனுப்புகிறேன்.

சுரங்கத்தின் கழிவுக் குட்டைக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவில்தான், கசிவு பரவுகிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் கிணறுகள் போடுகிறோம். மேல்மண்ணில் குட்டையின் கசிவு. பாறைக்குக் கீழே நீங்கள் குடிக்கும் தண்ணீர். இரண்டையும் துளைத்துக் குழாய் இறங்குகிறது. குழாயைச் சுற்றி இருக்கும் இடைவெளியைக் களிமண் உருண்டையால் அடைக்க வேண்டும். ஈரம் பட்டால் அது ஊதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, மூட்டைக்கு ஒரு தடவை நாடா விட்டு ஆழம் பார்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேலேயே சிக்கிக்கொள்ளும். அதற்குக் கீழே வெற்றிடம், கசிவுக்கு நேர்வழிதான்.

மூன்றாவது கிணற்றில் அப்படிக் கொட்டினேன். அன்று பாப்பாவின் பிறந்தநாள், சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது சரிதான். பதினொரு மூட்டை பிடிக்க வேண்டிய இடம் ஆறிலேயே நிறைந்தது. பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிச்சம் ஐந்தைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உன் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மேலாளரிடம் சொன்னேன். "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் வாயத் திறக்காதே" என்கிறார். பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி

ஜூன் 9

தம்பி,

பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. "என்ன குடிச்சா?" என்று டாக்டர் கேட்டார். உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் அதை அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டார். உன் வேலை போகும், உன்னைப் பிடித்துக்கொண்டும் போவார்கள். தெரிந்துதான் கொடுத்தேன். தெருவில் இன்னும் எட்டுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். "குடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று அவர்களுக்குச் சொன்னவள் நான்.

இங்கே வராதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 15

அக்கா,

நீ கொடுத்தது நல்லது. நானே கொடுத்திருக்க வேண்டும். அதிகாரிகள் முன்னால் அந்தக் கிணற்றை மறுபடி தோண்டி, அடியிலிருந்து மேல்வரை சிமெண்டுக் கரைசல் ஏற்றி அடைத்தோம். ஏற்கெனவே கீழே இறங்கியதைத் திருப்பி எடுக்க எந்த மெஷினும் இல்லை. நாளைக் காலை என்னை அழைத்துப் போகிறார்கள்.

வராதே என்று நீ எழுதிய பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். லாரிக்காரர் வெறுங்கையோடு திரும்பி வருகிறார். "வீடு பூட்டியிருக்குப்பா" என்பதற்கு மேல் சொல்லாமல் வேறு பக்கம் பார்க்கிறார். திட்டு, சாபம் விடு, எனக்குத் தம்பியே கிடையாது என்று எழுது. அதற்குக் கீழே பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வார்த்தை எழுது அக்கா.

தம்பி